கடைசியாக எப்போது ஓடியது?



இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட இந்த நேரத்திலே பழைய கார் ஒன்றைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் உங்களிற் சிலர் வானொலியின் குமிழைத் திருக நினைக்கக்கூடும். சற்றுப் பொறுத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்துவரும் எனக்கு, ஒரு பிரதியை எப்படி அணுகவேண்டும் என்பதை நான் படித்த நூல்கள் சொல்லித் தந்தன. ஆனால் அதை நெஞ்சில் உறைக்கச் சொன்னது ஸ்ராட் ஆக மறுத்த ஒரு மொறிஸ் மைனர்.

மொறிஸ் மைனரை அறியாதவர் நம்மிடையே குறைவு. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து, 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமான கார் அது. பிரித்தானியாவிலே பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதலாவது கார் என்ற பெருமையும் அதற்குண்டு. யாழ்ப்பாணத்திலே வைத்தியர்களும் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய வாகனம் அதுவே. என் தந்தையார் 1968இல் இரண்டாங் கையாக வாங்கியது 1958ஆம் ஆண்டின் மைனர். 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின். திறப்பைத் திருகினால் மட்டும் போதாது. ஸ்ராட் செய்வதற்கென்று தனியாக ஒரு குமிழை இழுக்கவேண்டும்.

1990இல் வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றபோது அந்தக் கார் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகியது. சிறு குப்பியில் பத்திரப்படுத்திய பெற்றோலிற் சில சொட்டு விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அந்நாளைய வித்தை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது, நடக்கமுடியாத என் பாட்டியாரைச் சுமந்து சென்றதும் அந்தக் காரே. தெருவை நிறைத்த சனத்தின் நடுவே, நடப்பவர்களிலும் மெதுவாக, புகை கக்கிக்கொண்டு அது ஊர்ந்தது. பக்கத்திலே சைக்கிளை உருட்டிக்கொண்டு நான் நடந்தேன். எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் இயக்கப் பெற்றோல் இல்லை என்பதால் தந்தையார் அன்றிரவு ஒரு தடவையேனும் அதை நிறுத்தவில்லை.

இத்தனையும் சொல்வதற்குக் காரணம், அது எங்கள் வீட்டில் வெறும் வாகனமாக இருக்கவில்லை என்பதை நீங்கள் உணரவேண்டும் என்பதே. 2012இல் தந்தையார் நோயுற்றுக் கிடந்தபோது என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். காரை ஓடத் தேவையில்லை. மாதம் ஒருமுறை ஸ்ராட் செய்து பத்து நிமிடம் இயங்கவிடு. முடியாவிட்டால் ஹாண்டிலைப் போட்டு எஞ்சினைச் சில சுற்றாவது சுற்றிவிடு. கீழே விரித்திருக்கும் பத்திரிகைத் தாளை மாற்று. எஞ்சினுக்கு நேர் கீழே தரையிற் பழைய பத்திரிகை விரித்துவைப்பது அவரது வழக்கம். எங்கே எண்ணெய் சொட்டியிருக்கிறது, எங்கே தண்ணீர் கசிந்திருக்கிறது என்பதை அந்தத் தாள் காட்டிவிடும். நான் சம்மதித்தேன். அவர் காலமான பின் சில மாதங்கள் செய்தும் வந்தேன். பிறகு விட்டுவிட்டேன். விட்டதற்குக் காரணம் ஒன்றுமில்லை. கொட்டிலின் கதவைத் திறக்காமலிருப்பது இலகுவாக இருந்தது, அவ்வளவுதான்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின்னர் பழைய கார்களைத் தேடிப் பலர் ஊரூராக வரத் தொடங்கினார்கள். 2024இல் எங்கள் படலையையும் ஒருவர் தட்டினார். ஓடக்கூடிய நிலையிலிருந்தால் நல்ல விலை தருவதாகச் சொன்னார். ஓடுமா என்று பார்ப்பதற்காக நகரத்துக் கராஜ் ஒன்றிலிருந்து இளைஞர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் கேட்ட முதற் கேள்வி, "சேர், கடைசியா எப்ப ஸ்ராட் பண்ணினது?" என்பது. "ரெண்டு வருஷம் இருக்கும்" என்றேன்.

உண்மையில் 11 ஆண்டுகள். ஒரு தமிழாசிரியன், வாக்குத் தவறாமையைப் பற்றி வகுப்பிலே மணிக்கணக்காகப் பேசுபவன், தன் தகப்பனுக்குக் கொடுத்த வாக்கைக் காற்றில் விட்டதை முன்பின் அறியாத இளைஞரிடம் ஒப்புக்கொள்ளக் கூசினான்.

இளைஞர் புதிய பற்றறி ஒன்றை வைத்தார். காபரேற்றரிற் சிறிது பெற்றோல் ஊற்றினார். குமிழை இழுத்தார். "டக்" என்று ஒரே ஓர் ஓசை. பிறகு சத்தமில்லை. மீண்டும் இழுத்தபோது அதுவுமில்லை. முன்பக்கத்தில் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றிப் பார்த்தார். மலையைத் தள்ளியதுபோல அசையாமல் நின்றது. "எஞ்சின் ஜாம், சேர். பிரிச்சு, போறிங் அடிச்சு, பிஸ்ரன் மாத்தவேணும். காரின்ர விலையைவிடக் கூட முடியும்" என்றார். வாங்க வந்தவர் மறுநாள் உதிரிப்பாகங்களுக்கான விலையைக் கூறினார். அம்மாவும் அரைமனத்துடன் சம்மதித்தார். என் மனதிலே துயரத்தோடு சற்று ஆறுதலும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. கார் போய்விட்டால் என் தவறும் அதனோடு போய்விடும் அல்லவா?

செய்தி எப்படியோ பரவி, தந்தையாரின் காலத்தில் அந்தக் காரைப் பார்த்துவந்த பழைய மெக்கானிக் ஐயா வீடு தேடி வந்தார். எண்பதை நெருங்கும் வயது. கண்பார்வை மங்கியதால் தொழிலை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. "விக்க முன்னம் ஒருக்காப் பாப்பம் தம்பி" என்றார். அவரும் அதே கேள்வியைத்தான் முதலிற் கேட்டார். நானும் அதே பதிலைத்தான் சொன்னேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. காரை உடனே தொடவுமில்லை. ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ரயர்கள் தரையோடு தட்டையாகி, ஓரங்கள் வெடித்திருந்ததைத் தடவிப் பார்த்தார். பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து முகர்ந்தார். பெற்றோல் நாளடைவில் இலேசாக ஆவியாகும் கூறுகளை இழந்து, பசையாகத் தடித்து, வாணிஷ் போன்ற ஒரு நெடியைப் பெறுமாம். அந்த நெடி எனக்கே அடித்தது. பொனற்றைத் தூக்கியபோது, எஞ்சினுக்கும் பற்றறித் தட்டுக்குமிடையில் எலி கட்டிய கூடு ஒன்று. பின்பு அவர் குனிந்து, எஞ்சினின் கீழ் மண்மூடிக் கிடந்த பத்திரிகைத் தாளை மெதுவாக இழுத்தெடுத்து, தூசியைத் தட்டி, என் கையிலே தந்தார்.

"என்ர கண்ணுக்குத் தெரியேல்லை. திகதியை ஒருக்கா வாசியும் பாப்பம்."

2013 பெப்ரவரி என்றிருந்தது. வாசித்தேன். வாசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஏட்டுச்சுவடிகளின் இறுதியிலே, அதைப் பிரதி செய்து முடித்த நாளை எழுதிவைப்பது நம்மவர் வழக்கம். சுவடியின் வயதை அறிய ஆய்வாளர்கள் முதலிற் பார்ப்பது அந்தக் குறிப்பைத்தான். என் காருக்கு அந்தக் குறிப்பை நானே எழுதி வைத்திருந்தேன், அறியாமலே.

பெரியவர் கோபிக்கவில்லை. அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்திற் பிடித்தார். எண்ணெய்க் கறை இருந்தது. துருநீர் காய்ந்த தடயம் இல்லை. "எஞ்சினுக்கை வெடிப்பு இருந்தா துருத்தண்ணி இதிலை சொட்டியிருக்கும். அது நல்லம்" என்றார். பிறகுதான் ஒரு வார்த்தை சொன்னார்: "அந்தப் பொடியனைப் பிழை சொல்லாதையும் தம்பி. ரெண்டு வருஷமெண்டு சொன்னா நானும் குமிழை இழுத்துத்தான் பாத்திருப்பன். பதினொரு வருஷமெண்டா தொட்டிருக்கமாட்டன்."

அதன் பொருள் அப்போது எனக்குப் புரியவில்லை. நான்கு நாட்களின் பின்னரே புரிந்தது.

அன்று அவர் செய்தது மிகச் சிறிய வேலை. முதலிற் பற்றறியைக் கழற்றச் சொன்னார். அக்காலத்து மைனரிலே பற்றறியின் பிளஸ் முனையைத்தான் காரின் உடம்போடு இணைக்கவேண்டும். இக்கால வழக்கப்படி மைனஸ் முனை இணைக்கப்பட்டிருந்தது. அப்படியே ஓடினால் கொயிலின் பொறி வலுவிழக்கும், டைனமோவும் குழம்பிப் போகும். பிறகு நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு கரண்டி இலேசான எண்ணெய் விட்டார். "மூண்டு நாள் கிடக்கட்டும். ஒருத்தரும் தொடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நீண்டகாலம் அசையாத எஞ்சினிலே எண்ணெய் முழுவதும் வழிந்து கீழே போய்விடுகிறது. பிஸ்ரனைச் சுற்றியுள்ள வளையங்களுக்கும் சுவருக்குமிடையில் மெல்லிய துருப்படலம் படிந்து ஒட்டிக்கொள்கிறது. அந்த நிலையில் வலிந்து சுற்றினால் வளையம் முறியலாம், சுவர் கீறுப்படலாம். எண்ணெய் மெல்ல ஊறி இறங்கினால் பிடி தானாகவே தளரும்.

அந்த மூன்று நாட்களும் எனக்கு ஓர் ஈழத்தறிஞரின் நினைவு வந்துகொண்டேயிருந்தது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது எழுதிய பதிப்புரையிலே, பழைய ஏடுகள் தொட்ட மாத்திரத்திலே எப்படி ஒடிந்தும் உதிர்ந்தும் போயின என்று வருந்திச் சொல்கிறார். பல தடவை வகுப்பிலே நான் எடுத்துக்காட்டிய பகுதி அது. பழஞ்சுவடி கையிற் கிடைத்தால் ஆவலோடு உடனே பிரிக்கக்கூடாது. எலுமிச்சம்புல் தைலம் போன்ற எண்ணெயைப் பூசி, ஓலை இளகும்வரை பொறுத்து, பின்புதான் ஒவ்வோர் ஏடாகப் பிரிக்கவேண்டும் என்பதையும் மாணவருக்குச் சொல்லியிருக்கிறேன். எண்ணெய்க்கரண்டியோடு நின்ற அந்த முதியவர் தாமோதரம்பிள்ளையைப் படித்தவரல்லர். ஆயினும் பழையதைத் தொடும் முறை இரண்டிடத்திலும் ஒன்றாகவே இருந்தது.

நான்காம் நாட்காலை வந்தார். ஹாண்டிலைப் போட்டேன், அசையவில்லை. என் முகம் வாடியதை அவர் பொருட்படுத்தவில்லை. "எஞ்சின் பிடிச்சாலும் ஹாண்டில் சுத்தாது. ஸ்ராட்டர் கடிச்சாலும் சுத்தாது. எதெண்டு அறியாமல் எஞ்சினைப் பிரிக்கிறதே?" என்று கேட்டார்.

மைனரின் ஸ்ராட்டர் மோட்டாரிலே ஒரு சிறு பற்சில்லு உண்டு. மோட்டார் சுழன்றதும் அது முன்னே பாய்ந்து, எஞ்சினின் பெரிய பற்சில்லைக் கவ்விச் சுழற்றும். எஞ்சின் இயங்கியதும் தானே விலகிவிடும். பெரிய சில்லு இளகாமல் நிற்கும்போது பாய்ந்தால் சிறிய சில்லு இடையிலே இறுகிக்கொள்ளும். பிறகு ஸ்ராட்டரும் சுற்றாது, எஞ்சினும் சுற்றாது. ஸ்ராட்டரின் பின்முனையில் மூடியொன்றை அகற்றினால் சதுரமான ஒரு தண்டு தெரியும். பெரியவர் அதிலே ஸ்பானரைப் போட்டு மெதுவாகத் திருகினார். "கிளிக்" என்று விலகியது. மீண்டும் ஹாண்டிலைப் பிடித்தேன். முதலில் ஒரு விரற்கடை. பிறகு கால் சுற்று. பிறகு முழுச் சுற்று.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த இளைஞர் கேட்ட ஒசை, இறுகிய எஞ்சினின் ஓசையல்ல. வரட்சியால் இளகாமலிருந்த எஞ்சினை ஸ்ராட்டர் கவ்வி மாட்டிக்கொண்ட ஓசை. 11 ஆண்டுகள் என்று நான் சொல்லியிருந்தால் அவர் குமிழை இழுத்திருக்கமாட்டார். ஸ்ராட்டர் கடித்திருக்காது. "எஞ்சின் ஜாம்" என்ற தீர்ப்பும் பிறந்திராது. பிழையான நோயறிதலுக்கு முதற்காரணம் மெக்கானிக்கின் அறியாமையல்ல. நோயாளியின் சார்பிற் பேசியவன் சொன்ன பொய்.

அதன் பின்னர் நடந்தவை யாவும் ஒழுங்காக நடந்தன. ஓர் எஞ்சின் இயங்குவதற்கு மூன்று வேண்டும் என்றார் பெரியவர்: அமுக்கம், பொறி, எரிபொருள். மூன்றையும் ஒரே நேரத்திற் கிளறக்கூடாது. ஒன்றை உறுதிசெய்த பின்பே அடுத்தது. பிளக் துளையிலே பெருவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு என்னைச் சுற்றச் சொன்னார். மூன்று துளைகளில் விரலைத் தள்ளும் அளவு அமுக்கம் இருந்தது. மூன்றாம் இலக்கத்தில் மட்டும் குறைவு. "மண்ணெண்ணெய் குடிச்ச எஞ்சினெல்லே, வால்விலை கரி இருக்கும். ஓடவிட்டுப் பிறகு பாப்பம்" என்றார். அறிந்ததை அறிந்ததாகவும், ஐயத்தை ஐயமாகவும் அவர் வைத்த விதம் எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்தது பொறி. பிளக்கை எஞ்சினின் இரும்பிலே கிடத்திச் சுற்றினோம், பொறியில்லை. சிறு மின்குமிழ் ஒன்றில் இரண்டு வயர்களைக் கட்டி, மின்சாரம் எதுவரை வந்திருக்கிறதென்று இடமிடமாகப் பார்த்தார். கொயில்வரை வந்திருந்தது. டிஸ்ரிபியூற்றரின் மூடியைத் திறந்தால், திறந்து மூடும் பொயின்ற் முனைகளில் வெளிறிய படலம். மெல்லிய அரத்தால் ஒருமுறை தேய்த்து, சுத்தமான கடதாசியை இடையில் வைத்து இழுத்து, அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளி வைத்தார். நீலப்பொறி பாய்ந்தது. "புதுசு வாங்கட்டோ ஐயா?" என்று கேட்டேன். "வேலை செய்யிறதை ஏன் மாத்துவான்?" என்றார். பாடம் பொருந்தவில்லையென்று நினைத்தவுடனே சொல்லை மாற்றிவிடும் பதிப்பாசிரியர்களை அப்போது நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது எரிபொருள். தாங்கியிலிருந்த பழைய பெற்றோலை வடித்தபோது தேநீர் நிறத்தில் வந்தது. புதியது ஊற்றித் திறப்பைத் திருகினால் மின்பம்ப் "டிக் டிக்" என ஒலிக்கவேண்டும், ஒலிக்கவில்லை. ஸ்குறூட்றைவரின் பிடியால் மெதுவாகத் தட்டியதும் ஒலிக்கத் தொடங்கியது. ஆனால் காபரேற்றர் நிறைந்ததும் ஓயவேண்டிய ஒலி ஓயாமலே தொடர்ந்தது. வழியிலே குழாய் வெடித்துக் காற்றை இழுக்கிறது என்பது அதன் பொருள். "அதைப் பிறகு பாப்பம். இப்ப எஞ்சினைக் கேப்பம்" என்று சொல்லி, பழைய சேலைன் போத்தல் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதிலே பெற்றோலை நிரப்பி, பொனற்றிலே கட்டித் தொங்கவிட்டு, நேரே காபரேற்றருக்குக் குழாய் கொடுத்தார். 1990களிலே நாங்கள் கற்ற வித்தை 2024இல் மீண்டும் கைகொடுத்தது.

புதிய எஞ்சின் எண்ணெய் ஊற்றி, பிளக்குகள் இல்லாமலே நெடுநேரம் சுற்றி எண்ணெயை மேலேற்றிய பின், பிளக்குகளைப் பூட்டினோம். பற்றறியை முறையாக இணைத்துக் குமிழை இழுத்தேன். இருமியது. மூன்றாவது இழுப்பிலே பற்றிக்கொண்டது. வெண்புகை கொட்டிலை நிறைத்தது. குசினியிலிருந்து வந்த அம்மா வாசலிலே நின்று பார்த்தார். "அண்டைக்கு ராத்திரி முழுக்க இந்தச் சத்தத்தைத்தானே கேட்டுக்கொண்டு போனனாங்கள்" என்று மட்டும் சொன்னார்.

நான் உடனே முற்றத்துக்கு இறக்க முனைந்தேன். பெரியவர் திறப்பை எடுத்துத் தம் சட்டைப்பையிற் போட்டுக்கொண்டார். "ஓடுறதைவிட நிக்கிறதுதான் முக்கியம். பிறேக்கைப் பாத்துப்போட்டுத்தான் திறப்புத் தருவன்" என்றார். சில்லுகளின் பிறேக் சிலிண்டர்கள் யாவும் துருப்பிடித்து இறுகியிருந்தன. அவற்றைச் சீராக்கி, ரயர்களையும் எரிபொருட் குழாயையும் மாற்ற மேலும் இரண்டு மாதங்கள் எடுத்தன.

நோய் எது, அதன் காரணம் எது, தீர்க்கும் வழி எது என்று அந்த ஒழுங்கிலே ஆராயச் சொல்கிறது திருக்குறளின் மருந்து அதிகாரம். அதை எத்தனையோ தடவை நான் படிப்பித்திருக்கிறேன். காரணத்தைத் தேடிப் போகும்போது, அந்த வழியின் முடிவில் நாமே நிற்கக்கூடும் என்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. சுவடி சிதைந்ததென்று கறையானைக் குறை சொல்கிறோம். எத்தனை தலைமுறையாக நாம் அதைத் திறக்கவில்லை என்பதைச் சொல்வதில்லை. அந்தக் கணக்கைச் சொல்லாமல் எந்தப் பழுதையும் திருத்தமுடியாது.

காரை விற்பதா வேண்டாமா என்பதை இன்னும் நாங்கள் முடிவு செய்யவில்லை. கராஜ் இளைஞரைத் தேடிச்சென்று உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு, அந்தச் சதுரத்தண்டு எங்கே இருக்கிறதென்று கேட்டுத் தெரிந்துகொண்டார். இப்போது ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிறன்றும் கொட்டிலைத் திறக்கிறேன். பத்து நிமிடம் எஞ்சின் இயங்குகிறது. பழைய பத்திரிகையை எடுத்துக் கறைகளைப் பார்த்துவிட்டு, புதியதை விரிக்கிறேன், திகதி மேலே தெரியும்படியாக.